இரண்டு ஏக்கர் தோட்டமும் லிங்கி ஆறும்: சிறுதோட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் சட்டத்தில் விலக்கு தரலாமா?

இரண்டு ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியும், இரண்டாயிரம் ஏக்கரை ஆளும் நிறுவனமும் ஒரே சுற்றுச்சூழல் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டுமா? நெகிரி செம்பிலானில், அதுவும் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பெரிய விலை கொடுத்தாயிற்று. மாவட்டத்தில் முக்கிம் எனும் உட்பிரிவுகள் ஐந்து: ஜிமா, லிங்கி, பாசிர் பாஞ்சாங், போர்ட்டிக்சன், சி ரூசா. கடற்கரைப் பக்கம் ஓட்டல்களும் விடுமுறை வீடுகளும் இருக்கின்றன. சாலையை விட்டு உள்ளே திரும்பினால் செம்பனைதான். பெருந்தோட்டத்து எல்லையை ஒட்டியே இரண்டும் ஐந்தும் பத்துமாகச் சிறுதோட்டங்கள் கிடக்கின்றன. இத்தனை நிலத்து மழைநீரும் ஏதாவதொரு வாய்க்காலைப் பிடித்து ஆற்றுக்கோ கடலுக்கோ போய்ச் சேர்கிறது. அந்த ஆறுகளில் லிங்கி, இந்த வட்டாரத்து மக்கள் குடிக்கும் தண்ணீர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுதோட்டக்காரரைப் படிவங்களிலிருந்தும் கட்டணங்களிலிருந்தும் விடுவிக்கலாம், விடுவிக்கத்தான் வேண்டும். தன் நிலத்தைத் தாண்டி வெளியே போவதற்கு அவர் பொறுப்பாளி என்பதிலிருந்து மட்டும் விடுவிக்கக் கூடாது. அந்தப் பொறுப்புக்கு ஆகும் செலவை அவர் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை.

மலேசியச் சட்டத்தில் விலக்கு புதிதல்ல, அளவுகோலுக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த 1987ஆம் ஆண்டு ஆணை, 500 ஹெக்டேரும் அதற்கு மேலும் காட்டை அழித்து விவசாயம் செய்தால்தான் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு தேவை என்றது. 499 ஹெக்டேருக்குத் தேவையில்லை. ஒரே காட்டைத் துண்டு துண்டாக விண்ணப்பித்து வாங்கிவிடலாம் என்ற குறை வெகுகாலம் பேசப்பட்டது. 2015 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த புதிய ஆணை அந்த வரம்பை 20 ஹெக்டேருக்கு இறக்கியது. அதற்குக் கீழே இருப்பவர் இன்றும் வெளியேதான். நிலமும் ஆறும் காடும் மாநில அரசின் கையில் என்று அரசமைப்பு வைத்திருப்பதால், மத்திய சட்டம் விட்டுவிட்ட சிறு நிலத்தை நில அலுவலகம்தான் கவனிக்க வேண்டும். நில அலுவலகமோ வரி, பட்டா, நிபந்தனை என்ற கணக்கில்தான் நிலத்தைப் பார்க்கும். வாய்க்காலில் என்ன ஓடுகிறது என்று பார்க்க அங்கே ஆள் கிடையாது.

இதில் முதல் சிக்கல், யார் சிறியவர் என்பது. மலேசியச் செம்பனை வாரியத்தின் கணக்கில் 40.46 ஹெக்டேருக்குக் கீழ் வைத்திருப்பவர், அதாவது 100 ஏக்கருக்குள் இருப்பவர், சிறுதோட்டக்காரர். சிரம்பானில் தொழில் நடத்திக்கொண்டு, 90 ஏக்கரை வெளிநாட்டுத் தொழிலாளர்களை வைத்துப் பராமரிக்கும் முதலாளியும் இந்தக் கணக்கில் சிறியவர்தான். சேமநிதிப் பணத்தில் இரண்டு ஏக்கர் வாங்கி, காலையில் தானே கத்தி எடுத்துக் குலை அறுக்கும் மனிதரும் சிறியவர்தான். சட்டம் இருவருக்கும் ஒரே சலுகையைக் கொடுக்கிறது. பெரும் பங்கை யார் எடுத்துக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் பழைய காயம் ஒன்று உண்டு. 1950களில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடிச் சிறு துண்டுகளாக விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலையும் லயத்து வீடும் ஒன்றாகப் போயின. துண்டுகளை வாங்கியவர்களில் அந்த மண்ணில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள் குறைவு. அந்த வேதனையிலிருந்துதான் 1960இல் அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். ஆகவே சிறுதோட்டம் என்றாலே ஏழையின் தோட்டம் என்று யாராவது சொன்னால், நம் பெற்றோரின் அனுபவம் அதை அப்படியே ஏற்காது. நிலத்தின் அளவை மட்டும் பார்த்துக் கொடுக்கும் விலக்கு, தோட்டத்தைப் பெயர் மாற்றிப் பெயர் மாற்றித் துண்டு போடுபவருக்கும் கதவைத் திறந்துவிடும்.

அதற்காக எல்லோருக்கும் ஒரே விதி என்பது நியாயமாகிவிடாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில், 10 முதல் 20 மீட்டர் அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலும் 20 மீட்டர் ஒதுக்க வேண்டும். இரண்டு ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 90 மீட்டர். அதன் ஒரு பக்கம் ஆறு என்றால், 20 மீட்டர் போனால் நிலத்தில் 22 விழுக்காடு போயிற்று. ஹெக்டேருக்கு 136 மரம் என்று வைத்தால் அந்த நிலத்தில் சுமார் 110 மரம் நிற்கும், அதில் 24 மரத்தை மறந்துவிட வேண்டும். அதே ஆறு 1,000 ஏக்கர் தோட்டத்தின் ஒரு பக்கம் ஓடினால், அந்தப் பக்கம் 2 கிலோமீட்டர் நீளம், அதே 20 மீட்டரில் தோட்டம் இழப்பது ஒரே ஒரு விழுக்காடு. விதி ஒன்றுதான், சுமையோ 22 மடங்கு. சிறுதோட்டக்காரர் கரைவரை மரம் வைப்பதைப் பேராசை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. அந்த 2 கிலோமீட்டர் கரையில் இரண்டு ஏக்கர்காரர்கள் 22 பேர் வரிசையாக இருந்து, 22 பேருக்கும் விலக்கு கொடுத்தால், கரை முழுவதும் மொட்டையாகிவிடும். ஒவ்வொருவர் தவறும் சிறியது, 22 பேர் நிலத்து மண்ணும் உரமும் ஒரே ஆற்றில் இறங்கும்.

இதற்கு நம் மாவட்டமே கொடுத்த சாட்சி புக்கிட் பெலாண்டோக். ஜிமா முக்கிமில், ஒரு காலத்தில் தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்றாக அது விளங்கியது. ஒரே பெரிய நிறுவனம் நடத்திய பண்ணை அல்ல அது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் கொட்டகை என்று குடும்பப் பண்ணைகள் தோளோடு தோள் ஒட்டிக் கிடந்தன. கழிவு ஓடி ஓடிச் செப்பாங் ஆறு கெட்டுப்போனது பலரும் அறிந்த கதை. பண்ணை ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால், இவரால் என்ன பெரிய கேடு வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் பன்றி வளர்ப்பவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்து கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. நோய்ப் பன்றிகள் லோரி ஏறித் தெற்கே வந்தன. ஆண்டு முடிவதற்குள் நம் மாநிலத்துச் சுங்கை நிப்பாவிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் ஆட்கள் விழத் தொடங்கினார்கள். பண்ணைகளில் கூலிக்கு நின்ற தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா நோயாளியிடமிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். ஊர்ப் பெயரே கிருமியின் பெயராயிற்று. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். இராணுவம் வந்து பன்றிகளைச் சுட்டுக் குழியில் புதைத்தது. நாடு முழுவதும் அழிக்கப்பட்டவை சுமார் 11 இலட்சம்.

இந்தக் கதையைச் சிறு பண்ணைக்கு எதிராக மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். நோய் முதலில் வௌவாலிலிருந்து பன்றிக்குத் தொற்றியதாக ஆய்வாளர்கள் சுட்டுவது, ஈப்போ அருகே 30,000க்கும் மேல் பன்றிகள் இருந்த ஒரு பெரும் பண்ணையை. கொட்டகையை ஒட்டி மாமரம் வளர்த்திருந்தார்கள். வௌவால் கடித்த பழம் பன்றிக்குப் போயிற்று. தொடங்கியது பெரிய பண்ணையில், பரவி வேரோடியது நெருக்கமாக ஒட்டியிருந்த பண்ணைகளில். பெரியதற்கும் விதி வேண்டும், சிறியவை சேர்ந்து நிற்கும் கூட்டத்துக்கும் விதி வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது பின்னால் நடந்ததுதான். நோய்க்கு முன் நாட்டில் 1,885 பன்றிப் பண்ணைகள் இருந்தன, 1999 ஜூலையில் 829. புக்கிட் பெலாண்டோக்கில் பன்றி வளர்ப்பு திரும்ப அனுமதிக்கப்படவில்லை. கொட்டகை இருந்த இடங்களில் செம்பனையும் டிராகன் பழமும் வந்தன. புதிய விதிகளுக்கு ஏற்பப் பண்ணையை மாற்றியமைக்கப் பணமுள்ளவர் வேறிடத்தில் தொழிலைத் தொடர்ந்தார், பணமில்லாதவர் தொழிலை விட்டார். விதி இல்லாமல் விட்டுவைத்தது சிறு பண்ணையைக் காப்பாற்றவில்லை. ஆண்டுக்கணக்கில் இரக்கம் காட்டிவிட்டுச் சில வாரங்களில் துடைத்தெடுத்தார்கள். சிறியவர்மேல் உண்மையான அக்கறை இருந்திருந்தால், கழிவுக் குழிக்கும் கொட்டகை இடைவெளிக்கும் அந்த நாளிலேயே அரசு பணம் கொடுத்திருக்கும்.

அதற்குப் பிறகும் சட்டம் தலையெண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2015 ஆணையில் புதிய பன்றிப் பண்ணைக்குத் தாக்க ஆய்வு கேட்கும் வரம்பு 2,000 பன்றிகள். 1,900 பன்றிகள் உள்ள பண்ணை பத்து அடுத்தடுத்து வந்தால் 19,000 ஆகிறது. ஆணையின் எண்ணிக்கையில் அது அகப்படாது.

கேமரன் மலையிலும் இதேபோல் நடந்தது. காய்கறித் தோட்டங்களில் சீனர்களோடு தமிழர்களும் தலைமுறையாக உழைக்கிறார்கள். பலரிடம் இருந்தது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமம்தான். சரிவில் வெட்டிய நிலத்து மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்து படிந்து அதன் கொள்ளளவைத் தின்றது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. பல ஆண்டு கண்டும் காணாமல் இருந்துவிட்டு, 2019 ஜனவரியில் குவாலா தெர்லாவில் இயந்திரங்களைக் கொண்டுவந்து தோட்டங்களை அகற்றியது பகாங் அரசு. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். நில ஆக்கிரமிப்பு, குடிநீர் ஆதாரம் என்று காரணம் சொல்லப்பட்டது. குடிநீர்க் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு இந்த நிலம் நம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் படிக்கட்டு வரப்புக்கும் மண் தடுப்புக்கும் எந்த நம்பிக்கையில் பணம் போடுவார்? நில உரிமையைக் கொடுக்காமல் நிலத்தைக் காக்கச் சொல்வது நடக்காத காரியம். கேமரனிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் நடந்தது ஒன்றுதான். முதலில் கண்டுகொள்ளாமை, கடைசியில் இடிப்பு. இரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய பதமான விதியைத்தான் நாம் தேடுகிறோம்.

தமிழ்நாட்டில் அந்தத் தேடல் நீதிமன்றம்வரை போனது. நாகப்பட்டினம் கடற்கரையில் 1990களில் இறால் பண்ணைகள் பெருகி, உப்பு நீர் நெல் வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் ஏறியபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் அங்கே நிலமற்றவர்களுக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் குளங்களைத் தடுத்தது. பாரம்பரிய முறையையும் மேம்படுத்திய பாரம்பரிய முறையையும் அது விட்டுவைத்தது. அந்த விலக்குக்கு அடிப்படை பரப்பளவு அல்ல, வளர்க்கும் முறை. தீவனம் கொட்டி, இயந்திரம் வைத்து, கழிவை வெளியே தள்ளும் குளம் எவ்வளவு சிறியதானாலும் தடைக்குள் வந்தது. அலையோடு வரும் இறாலைத் தேக்கிப் பிடிப்பவர் தப்பினார். சூழலுக்கு எது கேடு என்பதைத் தொட்ட விலக்கு என்று இதை மதிக்கிறேன். 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் அதன் விதிகளும் மறுபடி பரப்பளவுக்குத் திரும்பின. 2 ஹெக்டேர்வரை பதிவு எளிதாக்கப்பட்டது, கழிவு நீர்ச் சுத்திகரிப்புக்கோ 5 ஹெக்டேர் வரம்பு வைக்கப்பட்டது. அடுத்தடுத்துக் கிடக்கும் சிறு குளங்களின் கழிவு ஒரே வாய்க்காலில் சேரும் சிக்கல் அங்கேயும் தீரவில்லை.

வட இந்தியாவில் வைக்கோல் தாள் எரிப்புக்கு அபராதத்தைப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கிய பிறகு, 2 ஏக்கருக்குக் கீழ் 5,000 ரூபாய், 5 ஏக்கர்வரை 10,000, அதற்கு மேல் 30,000. படி வைத்தது சரிதான். நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே நாட்கள் மிகக் குறைவு, இயந்திர வாடகை அதிகம் என்ற மூல காரணத்தை மட்டும் அபராதம் தொடவில்லை.

இப்போது நம் செம்பனைக்கு வருகிறேன். இந்த நாட்டில் சுற்றுச்சூழல் சட்டம் நன்றாக வேலை செய்த இடம் ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டின் செம்பனை எண்ணெய் விதிமுறைகள். அப்போது ஆலைக் கழிவு நேராக ஆற்றில் விழுந்தது. அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும், அதாவது ஆற்று நீரின் மூச்சையே அடைத்துவிடும் கழிவு. 1978இல் 5,000 என்று வரம்பு வைத்து, ஆண்டுக்கு ஆண்டு இறக்கி, 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். வெளியேற்றும் அளவுக்கு ஏற்ப உரிமக் கட்டணம் போட்டார்கள். உற்பத்தி ஏறியது, ஆற்றில் விழும் கேடு இறங்கியது. இதில் சிறுதோட்டக்காரர் ஒரு படிவம்கூட நிரப்பவில்லை. அவர் குலையும் அந்த ஆலைக்குத்தான் போயிற்று, அவர் குலையின் கழிவும் அங்கேதான் சுத்தமாயிற்று. ஆயிரம் பேர் வந்து சேரும் ஓர் இடத்தில் விதியை வைத்ததால் ஆயிரம் பேரைத் துரத்த வேண்டியிருக்கவில்லை.

களைக்கொல்லி விஷயத்தில் இதையே கடையில் செய்தார்கள். பாராகுவாட் மருந்தடித்த பெண்களின் நகமும் தோலும் கண்ணும் என்ன பாடு பட்டன என்று பெண்கள் உரிமை அமைப்பான தெனாகனித்தா 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. முதுகில் பம்பைத் தூக்கிய அந்தப் பெண்களில் நம் அத்தைகளும் சித்திகளும் இருந்தார்கள். அதே ஆண்டு அரசு தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, ஒருவழியாக 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. இதில் பெரிய தோட்டத்துக்கு ஒன்று, சிறு தோட்டத்துக்கு ஒன்று என்று இருந்திருந்தால், சிறு தோட்டத்து ஆட்கள்தான் அந்த நஞ்சைச் சுமந்துகொண்டிருப்பார்கள். அங்கே கையுறை வாங்கித் தர யாரும் இல்லை. சிறுதோட்டத்துக்குக் கொடுக்கும் விலக்கு, அங்கே கூலிக்கு நிற்பவரின் பாதுகாப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படலாம் என்பதை இந்த விவாதத்தில் பலரும் பேசுவதேயில்லை.

குலை நிறுக்கும் இடத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். லோரி எடைமேடையில் ஏறுகிறது. வாங்குபவர் முதலில் கேட்பது செம்பனை வாரியத்து உரிமத்தை. அது இல்லாமல் விற்க முடியாது. பழுக்காத குலையைத் தனியே தள்ளுகிறார், காம்பு நீளமாக விட்டிருந்தால் கழிவு பிடிக்கிறார், உதிரிப் பழத்தைச் சேர்த்துக்கொள்கிறார். உரிம எண், தேதி, எடை, விலை எல்லாம் ரசீதில் ஏறுகின்றன. எந்த நிலத்திலிருந்து எவ்வளவு வந்தது என்ற விவரம் இப்படி ஏற்கெனவே பதிவில் இருக்கும்போது, அதையே வேறு இரண்டு அலுவலகங்களுக்கும் எழுதிக்கொடு என்று அறுபது வயது மனிதரைக் கேட்பது வீண் அலைச்சல்.

2020 ஜனவரி 1 முதல் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ் எல்லோருக்கும் கட்டாயம். சிறுதோட்டக்காரரைத் தனியாக விடாமல் வட்டாரக் குழுவாகச் சேர்த்து, தணிக்கைச் செலவை அரசு ஏற்றது நல்ல ஏற்பாடு. 2025 ஜனவரி முதல் நடக்கும் புதிய பதிப்பு 40.46 ஹெக்டேருக்குக் கீழ், 500 ஹெக்டேர்வரை, அதற்கு மேல் என்று தனித்தனித் தேவைகளை வைத்திருக்கிறது. கீழ்த்தட்டை இன்னும் உடைக்க வேண்டும் என்பது என் வாதம். 10 ஏக்கரும் 90 ஏக்கரும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது.

வெளியிலிருந்து வரும் விதி இதைவிடக் கடுமையானது. காடழிப்பில் விளைந்த பொருளைத் தடுக்கும் 2023ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், ஒவ்வொரு நிலத்தின் இருப்பிடத்தையும் கேட்கிறது. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட செம்பனைக்கும் ரப்பருக்கும் எல்லை முழுவதையும் வரைந்து காட்ட வேண்டும், அதற்குள் ஒரு புள்ளி போதும். இரண்டு முறை தள்ளிப்போய், பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் இறுதி, மிகச் சிறிய, சிறிய நிறுவனங்களுக்கு 2027 ஜூன் இறுதி என்று நிற்கிறது. 2025இல் செய்த திருத்தத்தில், ஆபத்து குறைந்த நாடுகள் என்று வகைப்படுத்தப்பட்டவற்றின் சிறு உற்பத்தியாளருக்கு ஒரே ஒரு முறை எளிய அறிவிப்பு போதும் என்று ஆக்கினார்கள். மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை, இடைப்பட்ட வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவின் சிறு விவசாயிக்குக் கிடைக்கும் இரக்கம் லிங்கிக் கரையின் சிறு விவசாயிக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐரோப்பிய வாங்குபவர் கேட்கும் ஆவணம் ஆலைவழியாகக் கடைசியில் குலை அறுப்பவரிடம்தான் வந்து நிற்கும்.

ஆற்றங்கரை மரங்களுக்கு யார் பணம் தருவது? நியூயார்க் நகரம் 1990களில் ஒரு வழி கண்டது. கேட்ஸ்கில் மலைகளிலிருந்து குடிநீர் எடுக்கும் அந்த நகரம், பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, மேட்டிலுள்ள பண்ணையாளர்கள் எருக்குழி கட்டவும் ஓடைக்கரையை மாட்டிடமிருந்து காக்கவும் பணம் கொடுத்தது. பண்ணையாளர்கள் தாமே நடத்தும் மன்றம் வழியாக, விரும்பியவர் சேரும் திட்டமாக அதை வைத்தார்கள். குடிப்பவர் கொடுத்தார், கரையில் இருப்பவர் காத்தார்.

நெகிரி செம்பிலானில் இதைச் செய்ய முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல். லிங்கி, சி ரூசா முக்கிம்களில் எந்தெந்தப் பட்டா நிலம் ஓடைக்கரைவரை போகிறது, அதில் 10 ஏக்கருக்குக் கீழ் எத்தனை என்று நில அலுவலகம் வரைபடத்தில் குறித்துக்கொடுக்கட்டும். அந்த 10 ஏக்கருக்குக் கீழுள்ளவர்களிடம், அடுத்த மறுநடவின்போது கரையோர மரங்களை மட்டும் திரும்ப நட வேண்டாம் என்று கேட்கலாம். செம்பனையை எப்படியும் 25 ஆண்டையொட்டி வெட்டித்தான் நடுகிறோம், நிற்கும் மரத்தை வெட்டச் சொல்லவில்லை. இழக்கும் மரங்களின் குலை விலையைத் தண்ணீர்க் கட்டணத்திலிருந்தும் ஆலைகளின் உரிமக் கட்டணத்திலிருந்தும் ஆண்டுதோறும் கொடுக்கலாம். யாருக்கு எவ்வளவு என்று கணக்கிட அவர்களுடைய பழைய எடை ரசீதுகளே போதும்.